கரண்ட் போனால் பாத்ரூமுக்கு எந்த விளக்கு? குமரி மாவட்ட வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஹாலில் இருக்கும்போது கரண்ட் போனால் இருந்த இடத்திலேயே இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிடலாம். பாத்ரூமில் அது முடியாது. தரை ஈரம், கை ஈரம், கண்ணில் சோப்பு. தாழ்ப்பாளைத் தடவ வேண்டும், வாளியில் இடிக்காமல் திரும்ப வேண்டும். வயதானவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது பெரும்பாலும் இப்படி ஒரு நொடியில்தான். ஆனாலும் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் இன்வெர்ட்டர் லைன் இழுத்துவிட்டு, பாத்ரூமை மட்டும் விட்டுவைத்திருக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் ஏராளம்.

குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கும் காற்றில் தென்னை மட்டையும் ரப்பர் கொப்பும் கம்பியில் விழும். ஐப்பசியில் இடிமின்னல். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. எனவே அரைமணி நேரத் தடைக்கும், நாட்கணக்கான தடைக்கும் சேர்த்தே யோசித்து வாங்க வேண்டும்.

எந்த விளக்கை வாங்கினாலும் மூன்று விஷயம் பாருங்கள். கை தேடாமல் எரிய வேண்டும். தண்ணீர் தெறித்தாலும் கெடக்கூடாது. அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது அணையக்கூடாது. கடையில் கிடைக்கும் பெரும்பாலான விளக்குகள் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் தோற்றுவிடும். அதனால் ஒரே விளக்கை நம்பாமல், தானாக எரியும் ஒன்றும் கையில் எடுக்கும் ஒன்றுமாக இரண்டு வைப்பதுதான் சரி.

1. கடைக்குப் போகும் முன் பாத்ரூமை அளந்து பாருங்கள்

ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீளம், அகலம். 4 அடிக்கு 6 அடி பாத்ரூம் என்றால் 100 முதல் 200 லூமன் (பெட்டியில் போட்டிருக்கும் வெளிச்ச அளவு) போதும். தரை, வாளி, தாழ்ப்பாள் எல்லாம் தெளிவாகத் தெரியும். 8 அடிக்கு 6 அடிக்கு மேல் போனால் 300 லூமன் வரை பாருங்கள். அதற்கு மேல் தேவையில்லை. வெள்ளை டைல்ஸில் வெளிச்சம் தெறித்துக் கண் கூசும், பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

லைட் சுவிட்ச் எங்கே இருக்கிறது? கதவுக்கு வெளியே இருந்தால், உள்ளே இருப்பவர் இருட்டில் எதையும் போடவோ அணைக்கவோ முடியாது. இது விளக்கின் வகையையே மாற்றிவிடும்.

ஹோல்டர் என்ன வகை? பெரும்பாலும் பி22, அதாவது இரண்டு முள் வைத்துத் திருகி மாட்டும் வகை. மூடிய கண்ணாடிக் கூண்டு மாட்டியிருந்தால் அதன் உள் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். பேட்டரி உள்ள பல்பு சாதா பல்பைவிட நீளம். கூண்டு மூடாமல் போகும்.

இரவில் யார் எழுந்து போகிறார்கள்? வயதானவர், கர்ப்பிணி, சிறு பிள்ளை இருந்தால் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரையுள்ள நடையும் கணக்கில் வரும். பழைய ஓட்டு வீடுகளில் குளிமுறி வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும். அங்கே முற்றத்துப் படிக்கட்டுதான் முதலில் வெளிச்சம் வேண்டிய இடம்.

2. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் புதிதாக எதுவும் வாங்காதீர்கள்

பாத்ரூம் லைட்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிடுங்கள். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒரு மணி நேரம் எரிந்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணிதான் எடுக்கும். 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை. "லோடு கூடிவிடும்" என்று யாராவது தடுத்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

வேலை அரை நாள். ஆனால் இரண்டு இடத்தில் தவறு நடக்கும்.

முதலாவது, பேஸ் வயரை மட்டும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிட்டு நியூட்ரலைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுவது. ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) உள்ள வீட்டில் போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒரே வழியில் போகாவிட்டால் அது கசிவு என்று கணக்கிட்டு ட்ரிப் ஆகும். வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனை நிற்கவைத்து, மெயினை அணைத்துப் போட்டு, பாத்ரூம் லைட்டைப் பத்து நிமிடம் எரியவிட்டுப் பாருங்கள். ட்ரிப் ஆனால் அன்றைக்கே சரிசெய்து வாங்குங்கள். "ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாத்ரூமில் உயிரைக் காப்பது அந்த 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.தான்.

இரண்டாவது, ஒரே சுவிட்ச் போர்டில் கீஸர் சுவிட்சும் இருந்தால் அதற்கும் சேர்த்து இன்வெர்ட்டர் லைன் போய்விடுவது. 2000 வாட் கீஸரைப் போட்டதும் இன்வெர்ட்டர் ஓவர்லோடில் நின்றுவிடும். வெந்நீரும் இல்லை, வெளிச்சமும் இல்லை. லைட் வயர் மட்டும் தனியாகப் போகிறதா என்று போர்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இதைச் செய்துவிட்டால் நீங்கள் 5-ஆம் படிக்குப் போய்விடலாம். ஒரு கை விளக்கு மட்டும் போதும்.

3. இன்வெர்ட்டர் இல்லையா? பேட்டரி பல்பை முழுதாகப் புரிந்துகொண்டு வாங்குங்கள்

கடையில் "இன்வெர்ட்டர் பல்பு", "எமர்ஜென்சி பல்பு" என்று கேட்டால் தருவார்கள். உள்ளேயே சிறிய லித்தியம் பேட்டரி இருக்கும். 9 வாட் பல்பு சுமார் 300 முதல் 500 ரூபாய். சாதா ஹோல்டரில் மாட்டினால் போதும், வயரிங் வேலை இல்லை. சிக்கனமான வழிதான். ஆனால் பாத்ரூமில் மாட்டும்போது இதில் நான்கு பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி: சார்ஜ். சுவிட்ச் ஆனில் இருந்து, கரண்டும் இருக்கும்போது மட்டுமே இந்தப் பல்பு சார்ஜ் ஆகும். முழுதாக ஏற 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். ஹாலில் மாலை முழுவதும் எரிகிற பல்புக்கு அது கிடைத்துவிடும். பாத்ரூம் லைட் ஒரு நாளில் மொத்தமே ஒரு மணி நேரம் எரிந்தால் அதிகம். அப்படியானால் ஒரு முறை பேட்டரி தீர்ந்துவிட்டால் மறுபடி நிரம்பப் பத்து நாள் ஆகும். மழைக்காலத்தில் தினமும் கரண்ட் போகும்போது அந்தப் பத்து நாள் கிடைக்காது. வாங்கிய ஒரு மாதத்தில் "பல்பு சரியில்லை" என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் பல, சார்ஜே ஏறாதவை. வாங்கிய முதல் இரவு பாத்ரூம் சுவிட்சை ஆனிலேயே விட்டுவிடுங்கள். அதன் பிறகு 15 நாளுக்கு ஒரு இரவும், நீண்ட மின்தடை முடிந்து கரண்ட் வந்த அன்று இரவும் அப்படியே விடுங்கள். 9 வாட் பல்பு 10 மணி நேரம் எரிந்தால் செலவு 0.09 யூனிட், பில்லில் தெரியவே தெரியாது.

இரண்டாவது பொறி: பெட்டியில் போட்டிருக்கும் வாட். "9 வாட், 4 மணி நேரம்" என்று இருக்கும். உள்ளே இருக்கும் 2,200 மில்லி ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட் பேட்டரியில் மொத்தம் சுமார் 8 வாட்-மணிதான் இருக்கிறது. அதை 4 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் 2 வாட்தான். கரண்ட் இருக்கும்போதுதான் 9 வாட். போனதும் 2 வாட் வெளிச்சம். சிறிய பாத்ரூமுக்கு அது போதும், அதனால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆனால் "12 வாட் வாங்கினால் கரண்ட் போனபோதும் பிரகாசமாக இருக்கும்" என்று எண்ணிக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வாட்டைவிட பேட்டரியின் அளவுதான் முக்கியம்.

மூன்றாவது பொறி பலருக்கும் புதிராக இருக்கும்: சில சமயம் கரண்ட் போனால் எரிகிறது, சில சமயம் எரிவதில்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் சுவிட்ச் ஆனா ஆஃபா என்று இந்தப் பல்புக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தால் காரணம் பிடிபடும். அது தன் இரண்டு முனைகளுக்கும் இடையே வெளியே ஒரு சுற்று இருக்கிறதா என்று பார்க்கிறது. சுவிட்ச் ஆனில் இருந்தால் அந்தச் சுற்று சுவிட்ச், வீட்டு வயர், வெளியே உள்ள இ.பி. டிரான்ஸ்பார்மர் சுருள், நியூட்ரல் என்று முழுமையாகும்; பல்பு எரியும். கையால் இரண்டு முனையையும் தொட்டால் எரிவதும் இதனால்தான். இப்போது மரம் விழுந்து சர்வீஸ் வயரே அறுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டீர்கள், ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகிவிட்டது. வெளிச்சுற்று அறுந்துபோகிறது. வீட்டுக்குள் வேறு ஒரு ஃபேனோ லைட்டோ ஆனில் இருந்தால் அதன் வழியாகச் சுற்று கிடைத்து எரியும். எல்லாவற்றையும் அணைத்திருந்தால் எரியாது. தீர்வு எளிது: மெயின் இறங்கியிருக்கும் நேரத்தில் ஒரு ஃபேன் சுவிட்சை ஆனிலேயே விட்டு வையுங்கள்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால், சுவிட்ச் போர்டுக்குள் ஈரம் கசிந்திருக்கலாம், அல்லது சிவப்பு இண்டிகேட்டர் உள்ள சுவிட்ச் அந்தச் சுற்றைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சாக மாற்றுங்கள். அப்படியும் எரிந்தால் ஈரம்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய விஷயம் அது.

நான்காவது: சூடும் ஆவியும். முழுக்க மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் பேட்டரி பல்பு மாட்டினால் வெப்பம் வெளியேறாமல் பேட்டரி சீக்கிரம் சாகும். கூண்டே இல்லாமல் ஷவருக்கு நேர் மேலே மாட்டினால் ஆவி உள்ளே போய் முனைகள் பச்சை பிடிக்கும். கதவுப் பக்கச் சுவரில், கூரைக்கு அருகே, கீழ்ப்பக்கம் திறந்த கூண்டில் மாட்டுங்கள்.

4. அசைவு பார்த்து எரியும் விளக்கு: நடைக்கு நல்லது, கக்கூஸுக்குக் கெட்டது

யூ.எஸ்.பி. சார்ஜ் அல்லது மூன்று ஏஏஏ பேட்டரியில் இயங்கும் சிறிய விளக்குகள் 250 முதல் 600 ரூபாய்க்குக் கிடைக்கும். ஆள் நடமாட்டம் தெரிந்ததும் எரிந்து, 20 அல்லது 30 நொடியில் அணையும். கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பதே இதற்குத் தேவையில்லை. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் வழி காட்ட இதைவிடச் சிறந்தது இல்லை.

உள்ளே வைத்தால்தான் தொல்லை. இது உடல் சூட்டின் நகர்வைப் பார்க்கிறது. அசையாமல் உட்கார்ந்தவரை அதற்குத் தெரியாது, அணைந்துவிடும். கையை வீசிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கும் பிளாஸ்டிக் திரைக்கும் பின்னால் குளிப்பவரும் தெரியமாட்டார். ஏப்ரல், மே புழுக்கத்தில் சுவரின் சூடும் உடலின் சூடும் நெருங்கிவிட, அருகில் வந்தால்தான் எரியும்.

உள்ளே வைத்தே தீர வேண்டுமென்றால் "ஆன், ஆட்டோ, ஆஃப்" என்று மூன்று நிலைச் சுவிட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மின்தடையின்போது ஆனில் வைத்துவிடலாம். ஆட்டோ மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். இன்னொன்று, பெரும்பாலானவற்றில் வெளிச்சம் பார்க்கும் சென்சரும் சேர்ந்திருக்கும். கடையில் வெளிச்சத்தில் வைத்துக் கையை ஆட்டினால் எரியாது. கெட்டது என்று ஒதுக்காமல், விரலால் சென்சரை மூடிப் பாருங்கள்.

5. கையில் எடுக்கும் விளக்கு: நாட்கணக்கில் கரண்ட் வராத சமயத்துக்கு

சார்ஜ் செய்யும் விளக்குகள் எல்லாம் முதல் இரவு வரை வரும். இரண்டாம் நாள் கரண்ட் வராவிட்டால் என்ன செய்வீர்கள்? பேட்டரி மாற்றிப் போடும் ஒரு விளக்கு வீட்டில் கட்டாயம் வேண்டும். ஏஏ பேட்டரி போடும் எல்.இ.டி. டார்ச் அல்லது சிறு லாந்தர் போதும். நான்கு ஆல்கலைன் பேட்டரி பிரிக்காமல் தனியாக இருக்கட்டும். டார்ச்சுக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள். மாதக்கணக்கில் கிடந்தால் கசிந்து உள்ளே வெள்ளைப் பொடி படியும். அப்படிப் படிந்திருந்தால் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஈரமில்லாமல் உலர்த்துங்கள்.

நிமிர்த்தி நிற்கவைக்க முடிகிற டார்ச்சாகப் பாருங்கள். அதை அலமாரி மேல் நிற்கவைத்து வெள்ளைக் கூரையைப் பார்த்து எரியவிட்டால் வெளிச்சம் சிதறி முழு அறைக்கும் பரவும். சுவரைப் பார்த்து வைத்தால் ஒரு வட்டம் மட்டும் பளிச்சென்றும் தரை இருட்டாகவும் இருக்கும், வழுக்குவது தரையில்தான்.

பவர் பேங்க் இருக்கிறவர்கள் 100 ரூபாய்க்குள் கிடைக்கும் யூ.எஸ்.பி. குச்சி லைட்டைச் செருகலாம். 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கில் 1 வாட் லைட் 20 மணி நேரத்துக்கு மேல் எரியும். வாங்கும்போது உங்கள் பவர் பேங்கையே கடைக்குக் கொண்டுபோய் ஐந்து நிமிடம் எரியவிட்டுப் பாருங்கள். மிகக் குறைந்த கரண்ட் எடுக்கும் லைட்டை, "போன் கழற்றப்பட்டுவிட்டது" என்று எண்ணிப் பல பவர் பேங்குகள் அரை நிமிடத்தில் அணைத்துவிடும்.

அட்டாலியில் கிடக்கும் பழைய பெரிய சார்ஜ் லைட்டை நம்பாதீர்கள். அதில் இருப்பது ஈயஅமில பேட்டரி. தீர்ந்த நிலையில் சில மாதம் கிடந்தாலே தகடுகளில் உப்பு இறுகி, பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பத்து நிமிடத்தில் மங்கும். நல்ல நிலையில் இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை முழு சார்ஜ் போட்டு வையுங்கள்.

6. இவை பாத்ரூமுக்குள் வேண்டவே வேண்டாம்

மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெய் விளக்கும். துண்டு தொங்குகிறது, பி.வி.சி. கதவு இருக்கிறது, அறையோ சிறியது. வாளி இடறினால் போதும்.

செல்போன் டார்ச் ஒரு நிமிடத்துக்குச் சரி. ஆனால் ஒரு கை அதற்கே போய்விடும், போன் எங்கே விழும் என்பதும் தெரியும். நீண்ட தடையின்போது அந்தச் சார்ஜ் வேறு அவசரத்துக்கு வேண்டும்.

கேஸ் கீஸர் விளக்கு அல்ல என்றாலும் இங்கே சொல்லியே ஆக வேண்டும். கரண்ட் இல்லாதபோது எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுவிடும். ஆனால் பேட்டரியில் பற்றவைக்கும் கேஸ் கீஸர் வழக்கம்போல எரியும். மூடிய பாத்ரூமில் கார்பன் மோனாக்சைடு சேரும்; அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை சுற்றுகிறது என்று உணர்வதற்குள் ஆள் சரிந்துவிடுவார். கீஸர் பாத்ரூமுக்கு உள்ளேயே இருந்தால் மின்தடையின்போது அதைத் தொடாதீர்கள். அதை வெளியே மாற்றுவதுதான் முடிவான வழி.

7. எங்கே, எப்படிப் பொருத்துவது

230 வோல்ட் வருகிற எந்த விளக்கும் குளிக்கும் இடத்திலிருந்து எட்டாத தூரத்தில், 2.25 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்க வேண்டும். பேட்டரியில் மட்டும் இயங்கும் விளக்குக்கு இந்தக் கெடுபிடி இல்லை. ஆனால் அதைச் சார்ஜ் செய்யும் வயரைப் பாத்ரூமுக்குள் கொண்டுபோகாதீர்கள். கழற்றி வெளியே வைத்தே சார்ஜ் போடுங்கள்.

பேட்டரி விளக்குக்கு நல்ல இடம் கதவுக்குப் பக்கத்துச் சுவர், தாழ்ப்பாளுக்கு மேலே. தாழ்ப்பாளும் தரையும் ஒருசேரத் தெரியும். முகத்துக்கு நேரே மாட்டினால் கண் கூசி, அணைத்ததும் முன்னைவிட இருட்டாகத் தெரியும். இரவு வழிகாட்டி விளக்கைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மாட்டுங்கள்.

ஒட்டும் டேப்பில் மாட்டுகிறவர்கள் டைல்ஸைத் துணியால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுவார்கள். இரண்டு நாளில் விளக்கு கீழே கிடக்கும். சோப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, டேப்பை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விளக்கை மாட்டாமல் 24 மணி நேரம் விடுங்கள். அந்த ஒரு நாள் யாரும் அங்கே வெந்நீரில் குளிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. டைல்ஸ் இணைப்புக் கோட்டின் மேல் ஒட்டினால் நிற்காது.

காந்தத்தில் ஒட்டும் விளக்கோடு ஒரு சிறு இரும்புத் தகடு வரும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி மாதிரிக் கடலோர ஊர்களில் அந்தத் தகடு ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து, டைல்ஸில் பழுப்புக் கோடு இறங்கும். ஒட்டுவதற்கு முன் தகட்டின் விளிம்பிலும் முகப்பிலும் இரண்டு கோட் நகப்பூச்சு அடித்துக் காயவிடுங்கள். "துருப்பிடிக்காத ஸ்டீல் தகடு போடலாமே" என்று தோன்றும். நல்ல ரக 304 ஸ்டீலில் காந்தம் ஒட்டாது. ஆணி அடித்து மாட்டுவதானால் மட்டும் 304 ஸ்டீல் ஸ்குரூ வாங்குங்கள். குழாய்க்கு நேர் மேலும் கீழும் துளை போடாதீர்கள். சுவருக்குள் பைப் அந்த வழியாகத்தான் போகும்.

இருட்டில் ஒளிரும் டேப்பை ஒரு துண்டு வெட்டித் தாழ்ப்பாள் மேலும், வெளியே சுவிட்ச் போர்டு ஓரத்திலும் ஒட்டிவிடுங்கள். பகலிலோ லைட்டிலோ வெளிச்சம் பட்டிருந்தால்தான் ஒளிரும். முதல் சில நிமிடம்தான் பிரகாசம். கரண்ட் போன அந்த நொடிக்குத் தேவை அவ்வளவுதான்.

நிறமும் கவனியுங்கள். மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பும் ஊர் நம்முடையது. 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்துக்கு ஜன்னல் வழியாக அவை கூட்டமாக வரும்; ஈரத் தரையில் இறகு ஒட்டி வழுக்கும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்துக்குக் குறைவாக வரும். தூக்கக் கலக்கத்தில் எழுந்து போகிறவர்களுக்கும் மஞ்சள்தான் இதம்.

8. கடையில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

"வாட்டர் ப்ரூஃப்" என்ற சொல்லுக்கு மதிப்பில்லை, எண் வேண்டும். ஐபி44 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். ஐபி65 குழாயால் பீய்ச்சினாலும் தாங்கும். கதவுப் பக்கச் சுவருக்கு 44 போதும். வாளி, ஷவர் அருகே 65. பேட்டரி பல்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த எண்ணே இருக்காது. அதனால்தான் அவற்றை உயரத்தில் மாட்டச் சொல்வது.

பேட்டரி அளவு எழுதியிருக்கிறதா? விரல் தடிமன் உள்ள ஒற்றை 18650 பேட்டரியில் 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் அது பொய். அந்த அளவு பேட்டரியில் நல்லதே 3,500 பக்கம்தான் வரும். பேட்டரியிலேயே பொய் சொல்கிறவர் மற்றதில் உண்மை சொல்லியிருக்க மாட்டார். வைத்துவிட்டு வாருங்கள்.

பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் அதனடியில் ஆர் என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எல்.இ.டி. பல்புக்கு ஐ.எஸ். 16102, லித்தியம் பேட்டரிக்கு ஐ.எஸ். 16046. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது என்று காட்டும். கடையில் நின்றே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். இரண்டு வருடம் அலமாரியில் கிடந்த பேட்டரி உங்கள் வீட்டுக்கு வரும்போதே கொஞ்சம் உயிரை இழந்திருக்கும்.

பில் கட்டாயம். பேட்டரி பல்புகளுக்குப் பொதுவாக ஒரு வருட வாரண்டி. பில்லும், கடை முத்திரையும் தேதியும் இட்ட பெட்டியும் இல்லாமல் மாற்றித் தரமாட்டார்கள். பில்லைப் போனில் படம் எடுத்து வையுங்கள், வெப்பத் தாளில் அச்சிட்ட எழுத்து நாளாக நாளாக மங்கிவிடும். வாரண்டிக்குள் மாற்ற மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்; அப்போதும் முதலில் கேட்பது பில்தான்.

மே மாதக் கடைசிக்குள் வாங்கி முடியுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்று நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கடையில் மிச்சம் இருப்பதைத்தான் வாங்க வேண்டியிருக்கும். இன்வெர்ட்டர் இல்லாத ஒரு பாத்ரூமுக்கு ஒரு பேட்டரி பல்பு, நடைக்கு ஒரு அசைவு விளக்கு, ஏஏ டார்ச், உதிரி பேட்டரி, ஒளிரும் டேப் எல்லாம் சேர்த்து 1,000 முதல் 1,600 ரூபாய்க்குள் முடியும்.

9. வாங்கிய வாரத்திலேயே மூன்று சோதனை

முழு இரவு சார்ஜ் ஏற்றிய பிறகு, மாலை ஏழு மணிக்கு மெயினை இறக்காமல் பல்பை மட்டும் கழற்றி, கூட வந்த தொங்கவிடும் மூடியில் (பல்பின் இரண்டு முனையையும் இணைத்து எரியவைப்பது) மாட்டி எரியவிடுங்கள். மூடி இல்லாவிட்டால் கரண்ட் போகும் நாளுக்குக் காத்திருங்கள். நாளிதழ்த் தலைப்பை வாசிக்க முடியாத அளவு மங்கும் நேரத்தைக் குறியுங்கள். பெட்டியில் சொன்னதில் முக்கால் பங்கு வந்தால் திருப்தி. பாதிக்கும் குறைந்தால் மறுநாளே கடைக்குப் போங்கள்.

இரண்டாவது, மெயினை இறக்கி, எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் பாத்ரூம் சுவிட்சை மட்டும் போடுங்கள். மேலே சொன்ன மூன்றாவது பொறி உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, வீட்டிலேயே வயதானவரை இரவில் அந்த வெளிச்சத்தில் கட்டிலிலிருந்து நடக்கச் சொல்லிக் கூடவே போங்கள். நமக்குப் போதுமான வெளிச்சம் புரை உள்ள கண்ணுக்குப் போதாது. படியின் விளிம்பு தெரியவில்லை என்று அவர் சொன்னால் அந்த இடத்தில் இன்னொரு விளக்கு.

பிறகு, மாதாந்திரப் பராமரிப்புக்காக காலை 9 மணிக்கு கரண்ட் நிறுத்துவார்கள் என்று நாளிதழில் வரும் அந்த நாளையே சோதனை நாளாக வைத்துக்கொள்ளலாம். பாத்ரூம் ஜன்னலைத் துணியால் மூடிப் பார்த்தால் போதும். அன்று காலை வாளிகளையும் நிரப்பி வையுங்கள், மோட்டார் ஓடாது. அறிவிப்பில்லாமல் கரண்ட் போய் நீண்ட நேரம் வராவிட்டால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-இல் சொல்லலாம். மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள், அதைச் சுவிட்ச் போர்டு அருகே எழுதி ஒட்டி வைத்தால் இருட்டில் அட்டை தேட வேண்டாம்.

10. பேட்டரியின் முடிவு

லித்தியம் பேட்டரி பல்பு இரண்டு, மூன்று வருடத்தில் தளரும். நேரம் பாதியாகக் குறைந்தால் மாற்றிவிடுங்கள். உடல் உப்பியிருந்தால், தொட்டால் சுட்டால், இனிப்பான ரசாயன வாடை வந்தால் உடனே கழற்றி, வீட்டுக்கு வெளியே மணல் நிரப்பிய பாத்திரத்தில் வையுங்கள். குத்தவோ பிரிக்கவோ வேண்டாம். பழைய பேட்டரிகளைக் கடையிலோ மின்கழிவு வாங்குமிடத்திலோ கொடுங்கள். தோப்பில் சருகு கூட்டி எரிக்கும் குவியலில் மட்டும் எறிந்துவிடாதீர்கள். சூடேறியதும் வெடித்துச் சிதறும்.